மால்டாத் தீவில் ஒரு நாத்தனார் முடிச்சு

மால்டாவுக்குப் போய்வந்தவர்கள் கோட்டையைப் பற்றி எழுதுவார்கள். நானும் எழுதத்தான் போகிறேன், கோட்டை எங்கும் ஓடிவிடாது. ஆனால் நான் அங்கே போனது கோட்டை பார்க்க அல்ல. என் அண்ணன் சவரிமுத்துவைக் காதைப் பிடித்து ஊருக்கு இழுத்து வரத்தான் போனேன்.

எங்களுக்குக் குளத்தூர் தாலுகா ஆவூர். முதல் யுத்தத்தில் அண்ணன் பட்டாளத்துச் சமையல்காரனாகக் கப்பலேறினான். யுத்தம் முடிந்து போனவர்கள் எல்லாம் வந்தார்கள், அவன் வரவில்லை. மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு, அங்கே ஆஸ்பத்திரியில் சமைக்கிறேன் என்று கடிதம் வந்தது. சில வருஷம் கழித்து இன்னொரு கடிதம். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டானாம், மாதா கோவிலில் சாமியார் முன்னால்தான் நடந்ததாம், வேதத்துக்கு ஒரு குறைவும் இல்லையாம்.

நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆத்தா கேட்டுவிட்டு, “தாலி கட்டினானாமா?” என்றாள்.

“மோதிரம் மாத்திக்கிட்டாங்களாம் ஆத்தா.”

“மோதிரத்தை வச்சு என்ன செய்ய? தாலி இல்லை, நாத்தனா முடிச்சு இல்லை. நீ இங்கிட்டு மாவாட்டிக்கிட்டு இருக்கே, அங்கிட்டு அவனுக்குக் கல்யாணமாம். அது ஒரு கல்யாணமாடி?”

எங்கள் பக்கத்து வேதக்காரர்களுக்கும் இந்த வழக்கம் உண்டு. சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை மாப்பிள்ளை பெண்ணின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சுப் போடுவான். மிச்ச இரண்டு முடிச்சையும் பின்னால் நிற்கிற அவன் உடன்பிறந்தாள் போடவேண்டும். அவள் போட்டால்தான் வந்தவள் அந்த வீட்டுக்காரி. எனக்கு ஒரே அண்ணன். சின்ன வயதில் வாழைநாரில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தவள் நான். எனக்குக் கோபம் வராதா?

அதற்குப் பிறகு ஆத்தா எழுதச் சொன்ன கடிதங்களில் எல்லாம் ஒரே பல்லவிதான்: கிளம்பி வா. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவனும் பதில் எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுதுவதையே நிறுத்திவிட்டான். பிள்ளைகுட்டியும் இல்லை என்று கேள்வி. எதுதான் அவனை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று ஆத்தா ஓயாமல் புலம்புவாள்.

நான் அப்போது புதுக்கோட்டையில் ரயில்வே எஞ்சினியர் துரை வீட்டில் பிள்ளை பார்க்கிற ஆயா. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், குடியிருப்பு திருக்கோகர்ணத்தில். இந்த இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷம் முன்னால் துரை குடும்பம் லீவில் சீமைக்குக் கிளம்பியது. வழியில் மால்டாவில் துரைசாணியின் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கல். அதுவரை கைக்குழந்தைக்கு நான் துணை போகவேண்டும், பிறகு இந்தியா திரும்புகிற வேறொரு துரைசாணியோடு என்னை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மால்டா என்று காதில் விழுந்ததுமே நான் தலையை ஆட்டிவிட்டேன்.

ஆத்தா வண்டி பிடித்து ஆவூரிலிருந்து வந்து இறங்கினாள். மடியில் ஒரு மண் கலயம். உள்ளே உப்புக்கண்டம், நல்ல வெயிலில் காய்ந்த கறி.

“இதுன்னா உசிரை விடுவான். இதைக் காட்டியே கூட்டியாந்துடு.”

“மச்சான் என்ன ஆடா, தழையைக் காட்டி ஓட்டியார?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. அன்னம், அவனைக் கையோட கூட்டிக்கிட்டு வரணும். இல்லாட்டி என் மூஞ்சியில முழிக்காதே.”

கப்பல் கதை வேண்டாம். வாந்தி எடுத்ததைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டுக்குப் போனால் கடலுக்கு நடுவே கோட்டை நிற்கிறது. தீவில் ஒரு கோட்டை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தீவே கோட்டையாக இருக்கும் என்று யார் கண்டார்கள்? வெல்லக்கட்டி நிறத்தில் மதில், மதிலுக்கு மேல் மதில், அதற்கு மேல் வீடுகள், வீடுகளுக்கு மேல் கோவில் கோபுரங்கள். திருமயம் கோட்டையைப் பார்த்து வாயைப் பிளந்தவள் நான். திருமயத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒரு மூலைக்குத்தான் காணும். திருமயத்தார் என்னை மன்னிக்கவேண்டும். அந்தக் காலத்தில் சிலுவை போட்ட அங்கியும் கையில் வாளுமாக இருந்த வீரர்கள் துருக்கியரோடு சண்டை போடக் கட்டியதாம். கப்பல் அந்த மதில்களுக்கு நடுவே மெல்ல நுழைந்தபோது, இத்தனை கல்லுக்குள் என் அண்ணனை எங்கே போய்த் தேடுவேன் என்று குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கரைக்குப் போகச் சின்னப் படகு. படகுக்காரர் நின்றுகொண்டே துடுப்புப் போடுகிறார். சில மீன் படகுகளின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கிறது. நம்மூர் வீட்டு வாசலில் பூசணிக்காயில் வரைவதுபோலத் திருஷ்டிக்குத்தான் என்று எனக்குப் பட்டது, கேட்டால் அப்படித்தானாம். மனிதர் கண்ணுக்குப் பயப்படாத ஊர் உலகத்தில் இல்லை போலிருக்கிறது. சுங்கத்தில் என் கலயத்தைத் திறந்த ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே மூடிவிட்டார். நல்லவேளை, பறிக்கவில்லை.

மரம் என்று பார்க்க ஒன்றிரண்டுதான். நார்த்தாமலைப் பாறையைத் தூக்கிக் கடலில் போட்டு, மேலே வீடு கட்டிக் குடியேறினாற்போல இருக்கிறது. பாறையைக் குடைந்து மழைத்தண்ணீரைச் சேர்த்துக் குடிக்கிறார்கள். சப்பாத்திக்கள்ளிதான் வேலி. தண்ணீரைச் சிந்தினால் வீட்டுக்காரிகள் முறைக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் எங்கள் ஊரிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மணிச்சத்தம் கேட்டுப் பால்காரர் என்று எட்டிப் பார்த்தால் வாசலில் ஆட்டுமந்தை. படிக்குப் படி நிறுத்தி, செம்பை நீட்டினால் கண்ணெதிரே கறந்து கொடுக்கிறார்கள். தண்ணீர் கலக்க வழியே இல்லை. எங்கள் திருக்கோகர்ணத்துப் பால்காரர் இங்கே பிழைக்கமாட்டார். ஆட்டுப் பாலால் காய்ச்சல் வருகிறது என்று துரைசாணி தொடவிடவில்லை, குழந்தைக்கு டப்பாப் பால்தான்.

மத்தியானம் எனக்கு விடுமுறை கொடுத்தார்கள். அண்ணனின் பழைய கடித உறையில் இருந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் போனேன். வீதி எல்லாம் படிக்கட்டு. ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நின்று பேசுகிறார்கள், இறங்குகிறவர்கள் அவர்களைப் பார்த்து நின்று பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தால், அது ஆஸ்பத்திரியாக இல்லாமல் போய் வருஷக்கணக்காகிவிட்டதாம். வாசலில் இருந்த கிழவர் கையை விரித்தார். சவரிமுத்து என்று நான் சொன்னதை அவர் சாப்பிடுகிற பொருளாக நினைத்துக் கடைத்தெருப் பக்கம் கைகாட்டினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரே பெரிய கோவில். கோபுரத்தில் இரண்டு கடிகாரம், இரண்டும் வேறு வேறு நேரம். ஒன்று நமக்கு, மற்றது பிசாசை ஏமாற்றவாம். நம் பக்கத்தில் பிசாசை ஏமாற்றத் தனிக் கடிகாரம் வேண்டாம், இருக்கிறதே போதும். படியேறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். முழங்காலிட்டிருந்த பெண்கள் கறுப்புத் துணியில் பெரிய முக்காடு போட்டிருந்தார்கள், காற்றில் உப்பிய குடை மாதிரி. அவர்கள் பாஷையில் கடவுளுக்கு அல்லா என்று பேர். மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று அல்லா அல்லா என்று அவர்கள் செபித்ததைக் கேட்டு எனக்குத் திக்கென்றது, பிறகு பழகிவிட்டது. “ஆவூர்ப் பெரியநாயகி மாதாவே, அண்ணனைக் காட்டிக் கொடுத்துடு, இம்புட்டுத் தூரம் வந்து வெறுங்கையோட போனா ஆத்தா என்னை வீட்டுக்குள்ள சேர்க்காது” என்று மனம்விட்டு வேண்டினேன்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம்.

ஆவூர்க் கோவில் வாசலில் திருநாள் கூட்டத்தில்கூட என் செருப்புத் தொலைந்தது கிடையாது. அங்கே எல்லோரும் கழற்றுவார்கள், யாருக்கும் அதிசயம் இல்லை. இந்த ஊரில் பூட்ஸோடு பூசை பார்க்கிறார்கள். வாசலில் செருப்புக் கிடந்தால் தருமம் என்று நினைக்கமாட்டார்களா? படியில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரக் கிழவி நான் கழற்றும்போதே கை கூப்பினாள். எனக்கு வணக்கம் சொல்கிறாள் என்று நானும் பதிலுக்குக் கும்பிட்டேனே, அந்த மடத்தனத்தை என்ன சொல்ல! வெயிலில் காய்ந்த கல்லில் வெறுங்காலோடு தத்தித் தத்தி வந்தேன். படகுத்துறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தர் தொப்பியைக்கூட எடுத்தார்.

அடுத்த நாள் முழுக்க வெளியே போகமுடியவில்லை. தெற்கேயிருந்து ஈரக்காற்று அடித்து, குழந்தை நசநசவென்று அழுதுகொண்டே இருந்தது. சாயங்காலம் சமையல்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் தலை நரைத்த ஓர் ஆள், கையில் என் செருப்பு.

“ஆவூர்க்காரி தவிர எவ மாதா கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டுவா?” என்றான்.

அப்படியே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவனும் அழுதான். கப்பல் பட்டறையில் கேண்டீன் சமையல் அவனுக்கு. அங்கே படகுக்காரர்கள் வந்து, சேலை கட்டிய இந்தியப் பெண் ஒருத்தி கோவிலுக்குச் செருப்பைக் காணிக்கை கொடுத்துவிட்டு வெறுங்காலோடு தவம் போகிறாள், ஒன்று புனிதவதி, இல்லாவிட்டால் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்களாம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து கிழவியைத் தேடிப் பிடித்து, தன் பூட்ஸைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மீட்டு, வெறுங்காலோடு போனவள் எந்த வீடு என்று விசாரித்து வந்திருக்கிறான். குனிந்து பார்த்தேன். இப்போது அவன் வெறுங்காலோடு நின்றான்.

“நீதான் வந்திருப்பேன்னு நெனைக்கலை தாயி. நம்மூரு ஆளு யாரோன்னுதான் ஓடியாந்தேன். ஆத்தா எப்படி இருக்கு?”

“இருக்கு. ஒன்னைக் கையோட கூட்டியாரச் சொல்லிருக்கு.”

அவன் செருப்பை என் காலடியில் வைத்தான். நாளை வீட்டுக்குச் சாப்பிட வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் செங்கிளியா என்ற சின்ன ஊர், அதுவும் ஒரு கோட்டைதான். படகில் போய் இறங்கும்போது அலை ஏறி என் சேலை முழங்கால் வரை நனைந்தது. அண்ணன் வீடு ஒரு படிச்சந்தில். மரத்தால் அடைத்த பலகணி வெளியே துருத்திக்கொண்டிருந்தது, உள்ளே இருந்தபடியே தெருவை முழுக்கப் பார்க்கலாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் படியேறுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

அவள் பேர் கர்மேனா. என்னைப்போல இரண்டு மடங்கு இருந்தாள், சிவந்த முகம், வெள்ளாவியில் வெந்த கை. என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, நனைந்த சேலையைப் பார்த்துப் பதறி, என்னை அடுப்புப் பக்கம் இழுத்து உட்காரவைத்தாள். நான் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டேன். கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். வெறும் கழுத்து.

முயல் கறி. மல்லியும் மிளகாயும் இல்லாமல் திராட்சை ரசம் ஊற்றி வேகவைத்தது, ஆனாலும் நன்றாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மொறுமொறுவென்ற ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்புத் தூவிக் கொடுத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே அண்ணனைப் பிடித்தேன்.

“அண்ணே, தாலி இல்லை, முடிச்சு இல்லை. இது கல்யாணமே இல்லைன்னு ஆத்தா சொல்லுது. மூட்டையைக் கட்டு, கெளம்பு. இவகிட்டயும் சொல்லு.”

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவளிடம் ஏதோ சொன்னான். கர்மேனா முகம் மலர்ந்து எனக்கு இன்னும் இரண்டு அகப்பை கறி போட்டாள்.

“என்ன சொன்னே?”

“கறி நல்லாருக்குன்னு சொன்னியே, அதைச் சொன்னேன்.”

“நான் எப்பச் சொன்னேன்?”

கோபத்தில் அந்தக் கறியையும் சாப்பிட்டுவிட்டேன். பிறகு கர்மேனா மேசையில் கையைத் தட்டித் தட்டி நீளமாகப் பேசினாள். எத்தனை வருஷமாக எழுதுகிறோம், உன் அம்மா எனக்கு ஒரு வார்த்தை எழுதினாளா என்று கேட்கிறாள் என்பது கையாட்டத்திலேயே விளங்கியது. அண்ணன் என்னைப் பார்த்து, “ஒன் சேலை அழகா இருக்குங்குறா” என்றான். 

“ஏண்ணே, சேலையைப் பார்த்துச் சொல்றவ மேசையை ஏன் குத்துறா?”

கர்மேனா என் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பாஷை தெரியாவிட்டாலும் பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை தெரியாதா? அவனைப் பலகணிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். அவன் இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லியிருக்கவேண்டும். அவள் கறுப்பு முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். நான் கொண்டுவந்த உப்புக்கண்டம் அடுப்பில் பாதி பொரிந்தபடி இருந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் ஜெயித்தது இனிக்கவில்லை.

மறுநாள் அண்ணன் என்னை ஊர்முனைக்குக் கூட்டிப்போனான். மதிலின் நுனியில், கடலுக்கு மேலே, கல்லில் ஒரு காவல் கூண்டு. அதன் சுவரில் பெரிய கண் ஒன்றும் காது ஒன்றும் செதுக்கியிருக்கிறது. பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறோம் என்று எதிரிக்குச் சொல்லவாம். ஆவூரில் அந்த வேலைக்குப் பக்கத்து வீட்டுக்காரி போதும் என்றேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிவிட்டது.

“யுத்தம் முடிஞ்ச வருஷம் காய்ச்சல்ல விழுந்தேன் தாயி. எல்லாரையும் கப்பல்ல ஏத்துனாங்க, என்னை ஏத்தலை, செத்துப்போவேன்னு. ஆஸ்பத்திரியில துணி வெளுக்குற புள்ளை இவ. யாரு சொல்லியும் இல்லை, ரொட்டியைப் பால்ல ஊறவச்சு ஊட்டிவிடுவா. ஏன்னு கேட்டேன். ஒன் அம்மா பக்கத்துல இல்லையேன்னு சொன்னா. அம்புட்டுத்தான்.”

“வந்து ஆத்தாவைப் பார்த்துட்டுத் திரும்பிடேன் அண்ணே.”

“ஆத்தா திரும்ப விடுமா? அது அழுதா நான் நின்னுருவேன். எனக்கே தெரியும். இவ இங்கிட்டுத் தனியாக் கெடப்பா.” கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஆத்தாவைப் பார்க்காம செத்துருவேனோன்னு பயமா இருக்கு. ஆனாலும் வரமாட்டேன் அன்னம்.”

எனக்கு அவனை அடிக்கவேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரும்பி வந்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை. நான் குழந்தைத் துணியை உலர்த்திக்கொண்டிருக்கிறேன், கர்மேனா வந்து நிற்கிறாள். தனியாக, அண்ணன் இல்லாமல். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. முக்காட்டை இறக்கினாள். என் கழுத்தில் இருந்த தாலியைத் தொட்டாள். தன் கழுத்தைத் தொட்டாள். இரண்டு கையாலும் பிடரியில் முடிச்சுப் போடுகிறதுபோலக் காட்டினாள். பிறகு என் நெஞ்சில் விரலை வைத்தாள். நீ போடு.

கண் நிறையத் தண்ணீர், ஆனால் கெஞ்சவில்லை. எனக்குப் பாத்தியப்பட்டதைக் கொடு என்று கேட்கிற நிமிர்வு.

மாதாவே, நான் என்ன செய்வேன்? பிரித்துக் கூட்டிவா என்று ஆத்தா அனுப்பினாள். முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு யார் பிரிக்க? ஆத்தா முகத்தில் முழிக்கமுடியாது. ஆனால் இந்த முடிச்சைப் போட உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆளும் இல்லை. அந்த மனுஷி படகேறி என்னைத் தேடி வந்திருக்கிறாள், அதுவும் வேறு யாரையும் அல்ல, நாத்தனாரை. 

பெட்டியைத் திறந்தேன். எனக்கு மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த மஞ்சள் கயிறு ஒன்று இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்து, சாயங்காலம் என்று சூரியன் சாய்கிற பக்கத்தைக் காட்டினேன்.

சாயங்காலம் செங்கிளியாவில் அந்தப் படிச்சந்தே கூடிவிட்டது. தாலிக்கு எங்கே போவது? அண்ணன் தன் சட்டைக்குள் கைவிட்டு ஒரு சின்னச் சுரூபப் பதக்கத்தை எடுத்தான். பட்டாளத்துக்குப் போகிற நாளில் ஆத்தா அவன் கழுத்தில் கட்டிய ஆவூர் மாதா. தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. அதைக் கயிற்றில் கோத்தோம். பக்கத்துத் தெருச் சாமியார் என்ன ஏது என்று விசாரித்து, மாதா சுரூபந்தானே என்று சிரித்துக்கொண்டே மந்திரித்துக் கொடுத்தார். அண்ணன் கட்டப் போனால் நரைத்த மாப்பிள்ளைக்கு வெட்கம். ஒருவழியாக முதல் முடிச்சைப் போட்டான்.

நான் பின்னால் போய் நின்றேன். கர்மேனா கழுத்துக்குக் கயிறு எட்டவில்லை. எனக்கு அளவெடுத்த கயிறு, அவள் கழுத்தோ அம்மாடி! அண்ணன் முடிச்சுக்கே பாதி போய்விட்டது. மிச்சம் இரண்டு விரல் நீளம்.

“மூச்சை இழுத்துப் புடிங்க மதினி” என்றேன்.

மதினி என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை. ஆனால் அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். நகக்கண் வலிக்க வலிக்க இரண்டு முடிச்சையும் போட்டேன். அந்த நேரத்துக்கு என்றே அடிப்பதுபோல ஊர்க் கோவில் மணி எல்லாம் அடித்தது. அங்கே தினமும் அந்த நேரத்துக்கு அடிக்கும், இருந்தாலும் அன்றைக்கு எங்களுக்காக அடித்ததாகவே வைத்துக்கொண்டேன். நாத்தனாருக்குச் சீர் உண்டு என்று அண்ணன் சொல்லியிருப்பான்போல, கர்மேனா தானே பின்னிய சரிகைப் பின்னல் துண்டை என் தலையில் போட்டாள். பிறகு மிச்சமிருந்த உப்புக்கண்டத்தைப் பொரித்தாள். தீய்ந்துபோயிருந்தது. ஒரு துணுக்கு விடாமல் எல்லோரும் தின்றோம்.

அடுத்த நாள் என் கப்பல் மதில்களைத் தாண்டியபோது, கண்ணும் காதும் செதுக்கிய அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தியின் கை கழுத்திலேயே இருந்தது.

ஆத்தா புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். ரயில் பெட்டியில் எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். யாரும் இறங்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கூட்டியாரச் சொன்னா, கட்டி வச்சுட்டு வந்திருக்கே” என்றாள். அதே பிளாட்பாரத்தில் திரும்பி நடந்தாள். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு நான் பூசைக்குப் போனால் வேறு வரிசையில் போய் உட்காருவாள்.

பிறகு யுத்தம் வந்தது. பேப்பரைத் திறந்தால் மால்டா. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து வாங்கிவந்து வாசிப்பார். இரவும் பகலும் குண்டு, கப்பல் வரமுடியவில்லை, சோற்றுக்கு வழியில்லை, ஜனங்கள் பாறைக்குள் குடைந்து குடியிருக்கிறார்கள். ஆத்தா அப்போது எங்களோடுதான் இருந்தாள். “அவன் இருக்குற ஊருக்கு என்னமோ பேர் சொன்னியே” என்று ஒருநாள் கேட்டாள். செங்கிளியா என்றேன். அதிலிருந்து தினமும், “அந்தப் பேர் வந்திருக்கா பாருங்க மாப்பிள்ளை” என்பாள். வந்திருக்கும். செபமாலை முடிந்து நாங்கள் எழுந்த பிறகும் அவள் மட்டும் ஒரு மணி சேர்த்து உருட்டுவாள். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டாள். அன்றைக்கு நான் அவனைக் கூட்டிவந்திருந்தால் இந்தக் குண்டுக்கு நடுவே கிடப்பானா என்று ஆத்தா கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை.

வருஷக்கணக்கில் தகவல் இல்லை. கடைசியில் ஒருநாள் அண்ணன் கையெழுத்தில் கடிதம் வந்தது. நான் உரக்க வாசித்தேன், வாசிக்கமுடியாமல் நின்று நின்று வாசித்தேன். வீடு தரைமட்டம். இரண்டு பேரும் பாறைக்குள் கிடந்து உயிர் தப்பினோம். இப்போது தீவுக்குள்ளே தள்ளி, கர்மேனாவின் அக்காள் வீட்டில் இருக்கிறோம். கடைசியில் நாலு வரி: கர்மேனாவின் கயிறு அந்த ஈரத்தில் இற்றுப்போய்விட்டது. ஆவூர் மாதாவைச் சாதாரண நூலில் கோத்துப் போட்டிருக்கிறாள். புதுக் கயிறு இங்கே யாரிடமும் வாங்கமாட்டாளாம். புகுந்த வீட்டிலிருந்துதான் வரணுமாம்.

ஆத்தா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். நூல்கண்டும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்தாள். நூலை இழை சேர்த்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

“இங்கிட்டுப் புடி.”

பிடித்தேன். அவள் மறுமுனையைத் திரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் திரித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அவ கழுத்து எம்புட்டுப் பருமன்டி?”

ஒரு கையில் நூல் முனையைப் பிடித்தபடி மறு கையை வளைத்துக் காட்டினேன். “ஆனா இப்ப மெலிஞ்சு போயிருப்பாங்க ஆத்தா. பட்டினி கெடந்திருக்காங்களே.”

ஆத்தா நூல்கண்டை இன்னும் பிரித்துவிட்டு, என்னை வாசல்வரை பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

“நீளமாவே திரிப்போம். இனிமே தின்னு தேறுவால்ல.”